பலகை காய்க்குமா?

சென்ற ஆண்டு ஆசிரியர் பயிற்சி வளாகம் ஒன்றில் நடைபெற்ற நிகழ்ச்சிக்குச் சென்றிருந்தேன். மண்டபத்திற்குப் பின்புறம், மாணவர் விடுதிக்குச் செல்லும் வழியில், பெரியதோர் அறிவிப்புப் பலகை நின்றது. ‘மாணவர் கூட்டுத் தோட்டம்’ என்று எழுதி, திறந்து வைத்த பெருந்தகையின் பெயரையும் நாளையும் அதன் கீழே பொறித்திருந்தார்கள். பலகை பளபளவென்று இருந்தது. பலகைக்குப் பின்னால் இடுப்பளவு லாலாங் புல் வளர்ந்திருந்தது. புல்லின் நடுவே கிழிந்த நிழல்வலை ஒன்றும், பிடி கழன்ற மண்வெட்டி ஒன்றும், மழைநீர் தேங்கிய தொட்டி ஒன்றும் கிடந்தன. தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. என்னை அழைத்துச் சென்ற பயிற்சி மாணவரிடம், “தம்பி, தோட்டம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் பலகையைக் காட்டி, “இதுதான் சார்” என்றார்.

அந்த இளைஞர்மேல் எனக்குச் சினமில்லை. அவர் அங்கு வருவதற்கு முன்பே அத்தோட்டம் பலகையாகிவிட்டிருந்தது. ஆயின் அந்தப் பதிலைக் கேட்டு அங்கிருந்தோர் எவரும் கூசவில்லை என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. நாளைய ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில், பெயரை நட்டால் பொருள் விளைந்துவிடும் என்னும் பாடம் யாரும் நடத்தாமலே நடந்துகொண்டிருக்கிறது. அப்பாடத்தைக் கற்றவர்கள்தாம் நம் பள்ளிகளுக்கு வரப்போகிறார்கள். அதனை மறுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மண்வெட்டி இழிவா?

முதலில் நம்மவர் வாயிலிருந்து வரும் மறுப்பைப் பார்ப்போம். இந்நாட்டில் ‘தோட்டம்’ என்னும் சொல்லுக்கு நாம் கொண்ட பொருளே வேறு. தமிழகத்தார்க்குத் தோட்டம் என்றால் பூவும் காயும் நினைவிற்கு வரும். நமக்கோ பால்மரமும் செம்பனையும், விடியற்காலைப் பிரட்டும், லயத்து வீடும், கங்காணியின் குரலும் நினைவிற்கு வரும். தோட்டத்திலிருந்து வெளியேறுவதே நம் பெற்றோரின் வாழ்நாள் வேட்கையாக இருந்தது. ஆகவே பள்ளியிலோ கல்லூரியிலோ தோட்டம் போடுவோம் என்று சொன்னால், பலருடைய முகம் சுருங்குவதில் வியப்பில்லை.

நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பின், எங்கள் பள்ளியின் பின்புறத்தில் பாத்தி கட்டத் தொடங்கினேன். ஒரு தந்தை என்னைத் தேடி வந்தார். “ஐயா, நான் கத்தியைப் பிடித்துப் பால் வெட்டியது போதும் என்றுதான் பிள்ளையை உங்களிடம் அனுப்பினேன். நீங்கள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறீர்களே!” என்றார். அவர் அன்று கேட்ட கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான விடை சொல்லாமல் உழைப்பின் உயர்வைப் பற்றி மேடையில் முழங்குவோர் அவரை ஏமாற்றுகின்றனர்.

அவருடைய ஐயத்திற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், 1917இல், ரிச்சர்டு வின்ஸ்டெட் தாய்மொழிப் பள்ளிகளைப் பற்றிய தம் பரிந்துரைகளை வழங்கினார். மலாய்ப் பள்ளிகளில் தோட்ட வேலைக்கும் கைத்தொழிலுக்கும் அவர் முதன்மை அளித்தார். 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியிலும் வேளாண்மையும் கூடை முடைதலும் பாடங்களாயின. உழவன் மகன் உழவனாகவே இருக்கட்டும், சற்றே நல்ல உழவனாக இருக்கட்டும் என்பது அன்றைய ஆட்சியின் எண்ணம். அதே காலத்தில் ஆங்கிலப் பள்ளியில் பயின்றோர்க்கு எழுதுகோலும் அலுவலக நாற்காலியும் காத்திருந்தன. ஆகவே, பள்ளித் தோட்டம் என்பது ஒரு வகுப்பாரை இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கும் கருவியாகவும் இருந்ததுண்டு. இதனை நாம் மறைத்தல் கூடாது.

ஆனால் அங்கே இழிவு எதில் இருந்தது? மண்வெட்டியிலா? என் தாயார் லயத்து வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் கத்தரியும் கறிவேப்பிலையும் வைத்திருந்தார். பால் வெட்டிக் களைத்து வந்த பிறகும் அந்தச் சிறு கொல்லையில் அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். பகலில் பிடித்த கத்தியும் மாலையில் பிடித்த மண்வெட்டியும் அவருடைய ஒரே கையில்தான் இருந்தன. பகல் உழைப்பில் என்ன செய்வது, எப்போது செய்வது, விளைந்தது எங்கே போவது என்பவற்றை வேறொருவர் முடிவு செய்தார். மாலை உழைப்பில் அவரே முடிவு செய்தார். வேறுபாடு இவ்வளவே. பின்னர்த் தோட்டம் கைமாறியபோது லயங்கள் இடிபட்டன. நிலம் நிறுவனத்தினுடையது ஆகையால், முப்பது ஆண்டு நின்ற முருங்கைக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. முடிவு செய்யும் உரிமையும் மண்ணின்மேல் உரிமையும் இல்லாமையே இழிவு. உழைப்பு இழிவன்று.

ஆகவே அந்தத் தந்தைக்கு நான் சொன்ன விடை இது: “உங்கள் மகன் எதை நடுவது என்று அவனும் சேர்ந்துதான் முடிவு செய்கிறான், விளைந்ததில் அவன் பங்கை அவனே வீட்டுக்குக் கொண்டு வருவான், கணக்கை நீங்களும் வந்து பார்க்கலாம்.” அவர் உடனே ஒப்பவில்லை. நான்காம் வாரம் மகன் கங்கோங் கீரைக் கட்டுடன் வீட்டிற்குப் போனபோதுதான் ஒப்பினார்.

காட்சித் தோட்டம்

இரண்டாவதாக, நம் கல்வி நிலையங்களைப் பிடித்திருக்கும் காட்சி நோயைக் கண்டிக்க வேண்டும். 1974இல் துன் அப்துல் ரசாக் தொடங்கி வைத்த பசுமைப் புத்தகத் திட்டம் வீட்டிலும் பள்ளியிலும் உணவுப் பயிர் விளைவிக்க மக்களை ஊக்கியது. நான் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தபோது எங்கள் பள்ளியிலும் வெண்டைப் பாத்திகள் இருந்தன. தண்ணீர் ஊற்றியவர்கள் நாங்கள். ஆனால் காய்த்த வெண்டை எங்கே போயிற்று என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்க வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. நல்லதொரு திட்டம் எங்கள் அளவில் வாளி தூக்கும் வேலையாகவே முடிந்தது.

இன்று நிலைமை இன்னும் கீழே போயிருக்கிறது. மேலதிகாரி வருகிறார் என்றால், நாற்றுப் பண்ணையிலிருந்து வளர்ந்த செடிகளைத் தொட்டியோடு வாங்கி வந்து மண்ணில் புதைக்கிறோம். கோத்தோங் ரோயோங் என்று ஒரு சனிக்கிழமை அனைவரையும் கூட்டுகிறோம். படம் எடுக்கிறோம். அறிக்கை எழுதுகிறோம். பரிசும் பெறுகிறோம். மூன்று மாதம் கழித்து அங்கே லாலாங் நிற்கிறது. ஒரு நாளில் நூறு பேர் செய்யும் வேலையைச் செடி வேண்டுவதில்லை. நூறு நாளும் ஒருவர் வந்து பார்ப்பதையே அது வேண்டுகிறது. இந்த எளிய உண்மையை அறியாதவர் தோட்டம் தொடங்க வேண்டா. பலகை மட்டும் நட்டுக்கொள்ளட்டும்.

நம் தமிழ்ப் பாடங்களிலும் இதே நோய் உண்டு. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது 104ஆம் அதிகாரம். பத்துக் குறளையும் மனப்பாடம் செய்யும் மாணவருக்கு மதிப்பெண் இடுகிறோம். அந்த மாணவர் ஒரு வெண்டை விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று அறியார்; கேட்பாரும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியையும் ஏட்டிலேதான் கற்பிக்கிறோம்!

நாங்கள் தோற்ற கதை

பிறரைக் குறை சொல்லும் நான் என் குறையையும் சொல்ல வேண்டும். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சி பெற்றபோது எங்கள் வளாகத்தில் ஒரு கூட்டுத் தோட்டம் போட்டோம். நான்தான் செயலாளர். இருபது பேர் சேர்ந்தோம். விடுதிக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலத்தைத் திருத்தி, நீட்டுப் பயறும் கத்தரியும் பாகலும் வைத்தோம். விரிவுரையாளர் ஒருவர் எங்களுக்கு ஊக்கமாக இருந்தார். முதல் பருவத்தில் நல்ல விளைச்சல்.

பிறகு மூன்று அடிகள் விழுந்தன. முதலாவது, மூத்த மாணவர் சிலர் தங்கள் பிரிவுபசார விருந்துக்காக ஒரே நாளில் பயறு முழுவதையும் பறித்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றிய இளைய மாணவர்கள் மறுநாள் முதல் வரவில்லை. இரண்டாவது, நீண்ட விடுமுறை வந்தது; யாரும் முறை வைக்கவில்லை. திரும்பி வந்தபோது கத்தரி காய்ந்து நின்றது; பாகற்பந்தல் களையில் மூழ்கிக் கிடந்தது. மூன்றாவது, விரிவுரையாளர் இடமாற்றம் பெற்றார். அவரோடு எங்கள் ஊக்கமும் இடம் மாறியது.

அன்று நாங்கள் ஒருவரையொருவர் பழித்தோம். மூத்தவர் பேராசைக்காரர் என்றோம். இளையவர் சோம்பேறிகள் என்றோம். தமிழனுக்கு ஒற்றுமை வராது என்ற வழக்கமான ஒப்பாரியையும் பாடினோம். இன்று எண்ணிப் பார்க்கையில், குற்றம் எவருடைய குணத்திலும் இல்லை. யார் எத்தனை மணி உழைத்தார் என்று எழுதி வைக்க ஒரு குறிப்பேடு இல்லை. விளைச்சலை எப்படிப் பங்கிடுவது என்று விதி இல்லை. விடுமுறைக்கு முறை இல்லை. எனக்குப் பின் யார் என்பதற்கு விடை இல்லை. ஆறு வெள்ளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரு கணக்கேட்டைச் செயலாளராகிய நான் வாங்கவில்லை. தோட்டம் அழிந்ததற்கு அதுவே முதற்காரணம்.

பொதுவானது கெட்டே தீருமா?

இவ்விடத்தில் சிலர், “பொதுச்சொத்து என்றால் அப்படித்தான், கெட்டே தீரும்” என்பர். இதற்குப் புலமை முலாம் பூசுவோர் கரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞரைத் துணைக்கு அழைப்பர். 1968இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த அவர் கட்டுரை, பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தமக்கு இலாபம் என்று மேலும் ஒரு மாட்டை விட, முடிவில் நிலமே அழிந்துபோகும் என்று வாதிட்டது. ஆயின் பின்னாளில் ஹார்டினே, தாம் பேசியது நிருவாகம் இல்லாத பொது நிலத்தைப் பற்றி என்று திருத்திக்கொண்டார். இத்திருத்தத்தை எடுத்துச் சொல்வோர் மிகச் சிலர்.

எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் ஊகத்தில் நிற்காமல் உண்மையில் நடப்பதை ஆராய்ந்தார். சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள், சப்பானியச் சிற்றூர்களின் பொதுக் காடுகள், சுபெயின் நாட்டு வலென்சியாவின் வாய்க்கால்கள், பிலிப்பைன்சு உழவர்களின் நீர்ப்பாசனச் சங்கங்கள் எனப் பலவற்றை ஒப்பிட்டார். பல நூற்றாண்டுகளாகப் பொதுவில் இருந்தும் கெடாதவை உள்ளன என்று 1990இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 2009இல் பொருளியலுக்கான நோபெல் பரிசும் பெற்றார். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. கெடாதவற்றுக்குப் பொதுவான இயல்புகளாக அவர் கண்டவை: உறுப்பினர் யார் என்னும் தெளிவு, இடத்துக்கேற்ற விதி, விதியை வகுப்பதில் உழைப்போர்க்குப் பங்கு, கண்காணிப்பு, சிறிதிலிருந்து பெரிதாகச் செல்லும் தண்டம், சச்சரவை விரைவில் தீர்க்கும் இடம், மேலுள்ள ஆட்சியின் ஏற்பு. எங்கள் கல்லூரித் தோட்டத்தில் இவற்றில் ஒன்றேனும் இருந்ததா? இல்லை. கெட்டதில் வியப்பில்லை.

நமக்கு இது புதிய செய்தியுமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். குடவோலை என்றவுடன் மார்தட்டுகிறோம். அக்கல்வெட்டில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்ற ஒன்றும் உள்ளதை எத்தனை பேர் மாணவருக்குச் சொல்கிறோம்? வாரியத்தார்க்கு ஓராண்டே பதவி. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர முடியாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதி இழப்பர். அது நிலமுடைய பிராமணர் சபை. உழைத்த குடிகளுக்கும் பெண்டிர்க்கும் அதில் இடமில்லை. அதனைக் குறையென்றே சொல்வோம். ஆனால் பொதுக் காரியம் எதனால் கெடும், எதனால் நிலைக்கும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் அறிந்திருந்தனர். பெருமையை எடுத்துக்கொண்ட நாம் விதியை விட்டுவிட்டோம்.

கூறு போடலாமா?

வேறு சிலர், “ஆளுக்கொரு பாத்தி கொடுத்துவிடலாம், அவரவர் பாத்தியை அவரவர் பார்த்துக்கொள்வார்” என்பர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நீர்க்குழாய் பொது. எருக்குழி பொது. மண்வெட்டி பொது. ஒருவர் பாத்தியில் களை விதைத்தால் அடுத்தவர் பாத்தியில் முளைக்கும். ஒருவர் வெண்டையில் பூச்சி வந்தால் பக்கத்துப் பாத்திக்கும் வரும். கறிவேப்பிலையும் முருங்கையும் நான்காண்டில் பட்டம் பெற்றுச் செல்லும் ஒரு மாணவரின் பாத்திக்குள் அடங்கா. பாத்தியைக் கூறு போட்டாலும் பொதுவாக இருப்பவை பொதுவாகவே இருக்கும்; அவற்றைக் கவனிக்க மட்டும் எவரும் இருக்கமாட்டார். முதல் பருவத்திற்குப் பின் பாதிப் பாத்திகள் தரிசாகும். தம் பாத்தி அல்லாததால் பக்கத்திலிருப்பவர் அதனைத் தொடவும் மாட்டார். ஓய்வு பெற்றோர் நிலையாக வாழும் குடியிருப்பில் தனிப்பாத்தி முறை நன்றாகவே நடக்கலாம். ஆண்டுதோறும் பாதி ஆள் மாறும் வளாகத்திற்கு அது பொருந்தாது.

செய்ய வேண்டுவன

குறை மட்டும் சொல்லி நிறுத்துவது ஆசிரியனுக்கு அழகன்று. என் துணிபை முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, நிலத்தின்மேல் எழுத்து மூலமான உரிமை வேண்டும். இத்தனை அடி நிலம், இத்தனை ஆண்டுக்கு, மாணவர் குழுவின் பொறுப்பில் என்று வளாக நிருவாகம் கையொப்பமிட்டுத் தர வேண்டும். நாளை வாகன நிறுத்துமிடம் கட்ட இடிப்பார்கள் என்றால் எவர் முருங்கை நடுவார்? லயத்துக் கொல்லையின் கதையைக் கல்லூரியிலும் தொடர வேண்டா.

இரண்டாவது, மண்ணை அறிய வேண்டும். கட்டடம் எழுப்பிய வளாகங்களில் மேல்மண்ணை இயந்திரம் வாரிச் சென்றிருக்கும். எஞ்சியிருப்பது இறுகிய செம்மண். அது பெரும்பாலும் புளிப்புத் தன்மை மிக்கது. சுண்ணாம்பு இட வேண்டும். சிற்றுண்டிச்சாலையின் காய்கறிக் கழிவு ஒரு பங்கிற்கு உலர்ந்த இலை இரண்டு, மூன்று பங்கு சேர்த்து மட்க வைத்தால் எரு கிடைக்கும். ஈரக் கழிவை மட்டும் குவித்தால் நாற்றமும் ஈயும்தாம் கிடைக்கும். முதல் பருவம் முழுவதையும் மண்ணைத் திருத்துவதற்கே விட்டாலும் தவறில்லை. திறப்பு விழாவை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம், வைக்காமலும் இருக்கலாம்.

மூன்றாவது, கல்லூரி நாட்காட்டியையும் செடியின் நாட்காட்டியையும் இணைக்க வேண்டும். கங்கோங்கும் கீரையும் மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும். வெண்டையும் நீட்டுப் பயறும் ஏறத்தாழ ஏழு வாரத்தில் காய்க்கும். கத்தரிக்கு நாற்று நட்ட பின்பும் இரண்டு மாதத்திற்கு மேல் வேண்டும். ஆகவே பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே வெண்டை ஊன்ற வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம் முன் புதிதாக எதையும் ஊன்றக் கூடாது. விடுமுறையில் தாங்கி நிற்பவை மரவள்ளி, முருங்கை, கறிவேப்பிலை, செராய், லெங்குவாஸ், பாண்டான் போன்றவை. தோட்டத்தின் பாதியை இவற்றுக்கு ஒதுக்கினால் விடுமுறை நம்மைத் தோற்கடிக்காது. எஞ்சியதற்கு, வளாகத்திற்கு அருகில் வாழ்வோரும் காவலர், துப்புரவுப் பணியாளர் குடும்பங்களும் விடுமுறைப் பொறுப்பேற்று, அக்கால விளைச்சலை முழுவதும் எடுத்துக்கொள்ளட்டும். உழைத்தவர்க்கே விளைவு, அவர் பட்டம் படிக்கிறாரா, தரை துடைக்கிறாரா என்பது செடிக்குத் தெரியாது.

நான்காவது, உழைப்பும் விளைச்சலும் ஒரே ஏட்டில் எழுதப்பட வேண்டும். யார், எந்நாள், எத்தனை மணி. எந்தப் பாத்தி, எத்தனை கிலோ, யாருக்குச் சென்றது. அவ்வேடு பூட்டிய அறையில் அன்றி, தோட்டத்துக் கொட்டகையில் எவரும் புரட்டும்படி தொங்க வேண்டும். எங்கள் பள்ளியில் இவ்வேட்டைத் தொடங்கிய முதலாண்டில், எல்லாரும் உழைப்பதாக நாங்கள் எண்ணிய தோட்டத்தை உண்மையில் மூன்று பேர் சுமந்துகொண்டிருந்ததைக் கண்டோம். அவர்களில் ஒருவர், அதிகம் பேசாத ஒரு பாட்டியார். பெற்றோர் கூட்டத்தில் குரல் உயர்த்தியவர்களின் பெயர் ஏட்டில் இரண்டு இடத்தில்கூட இல்லை. அன்றே ஒரு பெரிய சண்டை ஓய்ந்தது.

ஐந்தாவது, பொறுப்பு கைமாற வேண்டும். தலைவருக்கும் செயலாளருக்கும் ஓராண்டுதான். கணக்கை ஒப்படைக்காதவர் மீண்டும் எப்பொறுப்புக்கும் வரலாகாது. குழுவில் ஒவ்வோர் ஆண்டு மாணவரும் இருக்க வேண்டும். அப்போதுதான் மூத்தவர் வெளியேறும்போது அறிவும் வெளியேறாது. விரிவுரையாளர் வழிகாட்டலாம், தோட்டம் அவருடையதாகிவிடக் கூடாது. ஒருவர் இடம் மாறியதும் சாகின்ற நிறுவனம் நிறுவனமே அன்று.

ஆறாவது, தவறுக்குத் தண்டம் சிறிதாகத் தொடங்க வேண்டும். முறை தவறியவருக்கு முதலில் ஒரு சொல். இரண்டாம் முறை கூடுதலாக ஒரு மணி வேலை. மூன்றாம் முறை அவ்வாரப் பங்கு இல்லை. எடுத்த எடுப்பில் வெளியேற்றினால் ஆள் தேறாது. எதுவுமே செய்யாவிட்டால் ஒழுங்கு தேறாது.

இனி, சில்லறை மறுப்புகள். “நேரம் இல்லை” என்பர். முப்பது பேர் வாரத்திற்கு ஒரு மணி தந்தால் முப்பது மணி. இருபது பாத்திக்கு அது போதும். வாரத்தில் ஒரு மணியும் ஒதுக்க முடியாத ஆசிரியப் பயிற்சி எதைப் பயிற்றுகிறதென எனக்கு விளங்கவில்லை. “ஏடிஸ் கொசு வரும்” என்பர். வரும், கவனியாத தொட்டியில் வரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது. வாரத்திற்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தால் வராது. நான் பார்த்த அந்த வளாகத்தில் கொசுவை வளர்த்தது, தோட்டத்தைப் பேணாது விட்டமை. “சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே” என்பர். 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, ஒரு கட்டுக் கீரைக்கு வரிசையில் நின்றவர்கள் இதனை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள்.

பயன் என்ன?

கீரைக்காகவா இத்தனை வாதம் என்று கேட்கலாம். கீரையும் வேண்டும், ஆயின் அதனினும் பெரியதொன்று இதில் அடங்கியிருக்கிறது. இந்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, நூற்றைம்பதுக்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. அத்தகைய பள்ளிக்குச் செல்லும் இளம் ஆசிரியர் பாடம் நடத்தினால் மட்டும் போதாது. பெற்றோரைக் கூட்ட வேண்டும். முன்னாள் மாணவரை அழைக்க வேண்டும். சிறு நிதியைக் கணக்கோடு கையாள வேண்டும். தாம் மாற்றலாகிச் சென்ற பின்னும் நிற்கும்படி ஒன்றை விட்டுச் செல்ல வேண்டும். இவற்றை எந்த விரிவுரையில் கற்பிக்கிறோம்? எந்தத் தேர்வில் சோதிக்கிறோம்?

நம் சமுதாயத்தின் சங்கங்களைப் பாருங்கள். இருபது ஆண்டு ஒரே தலைவர், காட்டப்படாத கணக்கு, அடுத்த தலைமுறைக்கு இடமின்மை, ஆண்டுக்கொரு விழா, எஞ்சிய நாளெல்லாம் பூட்டு. நான் பயின்ற கல்லூரித் தோட்டம் எந்நோயால் மாண்டதோ அதே நோய். இந்நோய்க்கு ஒற்றுமையைப் பற்றிய சொற்பொழிவு மருந்தாகாது. பங்கிடும் முறையை இளமையிலேயே கையால் பழகுவதே மருந்து. ஒரு கூட்டுத் தோட்டத்தில் பொய் நெடுநாள் நிற்காது. தண்ணீர் ஊற்றாமல் ஊற்றினேன் என்று அறிக்கை எழுதலாம்; இலை வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். அறிக்கைகளால் நிறைந்த நம் கல்வி உலகில், அறிக்கையை ஏற்காத ஓரிடமேனும் இருக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டின் எட்டாம் மாடியில் வளரும் நம் பிள்ளைக்கு மண் என்பது காலணியில் ஒட்டும் அழுக்கு. அவனுடைய பாட்டிக்கோ அது வாழ்வு. இரண்டுக்கும் நடுவில் நிற்கப்போகும் ஆசிரியர் மண்ணைத் தொட்டவராக இருக்க வேண்டாவா? பாட்டி மண்ணில் உழைத்தார், உரிமையின்றி உழைத்தார். பேரன் உரிமையோடு உழைக்கட்டும், கணக்குக் கேட்டு உழைக்கட்டும், பங்கிட்டு உண்ணட்டும். அப்போதுதான் தோட்டம் என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தமிழர் வாழ்வில் நல்ல பொருள் பிறக்கும்.

வளாகங்களை நடத்தும் பெருமக்களுக்கும், அங்கே பயிலும் இளம் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். தோட்டம் இல்லாத இடத்தில் நிற்கும் பலகையை இன்றே பிடுங்குங்கள். அதன் காலை அறுத்துப் பாகற்பந்தலுக்கு ஊன்றுகோல் ஆக்குங்கள். பலகை நின்ற இடத்தில் ஆணி ஒன்று அடித்து ஒரு கணக்கேட்டைத் தொங்கவிடுங்கள். அதன் முதற்பக்கத்தில் எழுதப்படும் முதற்பெயர், திறந்து வைத்தவர் பெயராக இருக்க வேண்டா; அன்று காலை தண்ணீர் ஊற்றியவர் பெயராக இருக்கட்டும்.